ஃபீஸ் கட்ட ஆள் இருக்கு, வழி சொல்லத்தான் ஆள் இல்லை

கேள்வி: வணக்கம் அம்மா. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுக்கு. அப்பா கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து வேலைக்குப் போவதில்லை. அம்மா ஒரு ஆச்சி வீட்டில் சமையல் வேலை பார்க்கிறார். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு சிங்கப்பூருக்குக் கட்டுமான வேலைக்கு வந்துவிட்டேன். தங்கச்சி இந்த வருஷம் பிளஸ் டூவில் 541 எடுத்திருக்கிறாள். கணக்கு 94, இயற்பியல் 90, வேதியியல் 88. ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் எய்டட் பள்ளியில் தமிழ் மீடியம். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கணும் என்கிறாள். ஆச்சி, "பக்கத்துலயே பி.காம் சேரட்டும், மூணு வருஷ ஃபீஸையும் நான் கட்டுறேன்" என்கிறார். அவருடைய பேத்தி 480 மார்க்தான், ஆனால் சென்னையில் பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சீட் வாங்கியாச்சு. இதற்கிடையில் ஒரு கல்லூரியின் ஆள் வீட்டுக்கு வந்து, ஸ்காலர்ஷிப்பில் சீட் தருவதாகவும் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்கும்படியும் கேட்டிருக்கிறார். எங்கள் தாய்மாமன் பி.ஏ. என்பதால் முதல் பட்டதாரி சான்றிதழும் கிடைக்காது என்கிறார்கள். நான் சிங்கப்பூர் வர ஏஜென்டுக்குக் கொடுத்த கடனே இன்னும் முடியவில்லை. தங்கச்சியை இன்ஜினியரிங் படிக்க வைக்கலாமா, இல்லை எங்கள் வசதிக்கு பி.காமே போதுமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

இதைப் படித்து முடிப்பதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எதுவானாலும் ஒரிஜினலை அந்த ஆளிடம் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் நாளைக்கே போய் வாங்கிவிடச் சொல்லுங்கள். கல்லூரிகள் ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டுமே தவிர வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருக்கிறது. அதைச் சொல்லியே கேட்கலாம்.

அவர் தருவதாகச் சொல்லும் சீட் பெரும்பாலும் கல்லூரி தானே நிரப்பிக்கொள்ளும் மேனேஜ்மென்ட் கோட்டாவாகத்தான் இருக்கும். "ஸ்காலர்ஷிப்" என்பது அந்தக் கல்லூரியே தன் ஃபீஸில் முதல் வருஷம் கொஞ்சம் தள்ளிக் கொடுப்பது. இரண்டாம் வருஷம் எவ்வளவு என்று கேளுங்கள், எழுதித் தர மாட்டார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை மார்க் வரிசைப்படி சீட் ஒதுக்க அரசு நடத்தும் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். நேரடியாக மேனேஜ்மென்ட் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் நாலு வருஷத்துக்கும் அது போய்விடும். வீட்டில் ஒரு பட்டதாரி இருந்தால் வாசலிலேயே இதைக் கேட்டிருப்பார். கேட்க ஆள் இல்லாத வீடுகளாகப் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள்.

அப்புறம் உங்கள் மாமா. அவர் பி.ஏ. படித்திருப்பதற்கும் இந்தச் சான்றிதழுக்கும் சம்பந்தம் இல்லை. அப்பா, அம்மா, அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழித் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள், இவர்களில் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். மாமா, சித்தப்பா, அத்தை எல்லாம் இந்தக் கணக்கில் வர மாட்டார்கள். நீங்கள் பிளஸ் டூவோடு நிறுத்தியவர், ஆகவே உங்களாலும் தடை இல்லை. 2010-ல் இந்தத் திட்டம் வந்தது, இத்தனை வருஷம் கழித்தும் இந்த மாமா கதையைக் கேட்டு விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இ-சேவை மையத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்து, தாலுகா அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வரும். ரிசல்ட் வந்த சமயத்தில் அங்கே கூட்டம் தாங்காது. அதனால் இந்த வாரமே போகட்டும். கூடவே வருமானச் சான்றிதழுக்கும் போட்டுவிடுங்கள், உதவித்தொகைகளுக்கு அது வேண்டும். இருப்பிடச் சான்றிதழுக்காக அலைய வேண்டாம். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்த பிள்ளைக்கு அது தேவையில்லை.

சரி, ஆச்சி விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது அதுதான்.

ஆச்சி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேலை செய்பவரின் பிள்ளைக்கு மூன்று வருஷ ஃபீஸைத் தானாக முன்வந்து கட்டுகிறேன் என்பவரின் மனசைக் குறைவாகப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் ஒரே வீட்டில், ஒரே மாதத்தில் இரண்டு பெண்பிள்ளைகளின் படிப்பு பேசப்பட்டிருக்கிறது. பேத்தியிடம் "என்ன படிக்கணும்?" என்று கேட்டிருப்பார்கள். உங்கள் தங்கச்சியைப் பற்றிப் பேசும்போது "எவ்வளவு செலவாகும், எவ்வளவு பக்கம்?" என்பதிலிருந்து பேச்சு தொடங்கியிருக்கிறது. அறுபத்தொரு மார்க் அதிகம் எடுத்த பிள்ளைக்கு ஆசைப்பட வேண்டிய எல்லையை வேறொருவர் போட்டுக் கொடுத்தாயிற்று. குடும்பப் பின்னணி படிப்பைத் தடுக்கிறது என்று சொன்னால் நாம் உடனே பணத்தைத்தான் நினைக்கிறோம். என்னிடம் வரும் பிள்ளைகளைப் பார்த்து நான் சொல்கிறேன், பணம் குறுக்கே வருவது பின்னால்தான். அதற்கு வெகு முன்பே "நமக்கு இது போதும்" என்கிற பேச்சு வந்து அந்த வேலையை முடித்துவிடுகிறது. அதை எதிரி யாரும் சொல்வதில்லை. பிள்ளைமேல் பாசமுள்ளவர்கள்தான் சொல்கிறார்கள்.

மத்திய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களில் உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம் 47 சதவீதம். இந்திய அளவில் 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். உங்கள் தங்கச்சி பி.காம் சேர்ந்தாலும் அந்த 47-ல் வந்துவிடுவாள், ஆச்சியின் பேத்தியும் அதே 47-ல் இருப்பாள். யார் விரும்பிச் சேர்ந்தார், யார் சொன்ன இடத்தில் சேர்ந்தார் என்பது அந்த எண்ணில் தெரியாது.

பி.காம் மட்டமான படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். சி.ஏ. ஆகணும் என்று ஒரு பிள்ளை சொன்னால் நானே பி.காமுக்காக வீட்டாரோடு சண்டை போடுவேன். உங்கள் தங்கச்சி கணக்கு குரூப் எடுத்து, கணக்கில் 94 வாங்கி, இன்ன படிப்பு வேண்டும் என்று வாய்விட்டும் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆச்சியின் உதவியை மறுக்க வேண்டாம், திசையை மாற்றிக் கேளுங்கள். அம்மா இப்படிச் சொல்லலாம்: "ஆச்சி, நீங்க செய்றேன்னு சொன்னதே பெரிசு. பிள்ளை இன்ஜினியரிங்தான்னு நிக்குது, கவுன்சிலிங்ல கவர்மென்ட் காலேஜ் கிடைச்சா ஃபீஸ் ரொம்ப வராது. படிக்க ஒரு லேப்டாப்தான் வேணும், அதுக்கு ஒத்தாசை பண்ணுங்க." நானறிந்த வரையில் இந்தப் பக்கத்து ஆச்சிகள் யாரும் இதைக் கேட்டு முகம் சுளித்ததில்லை. இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள், அது லேப்டாப்பைவிடப் பெரிய உதவி. பேத்திக்குக் கல்லூரி பார்த்துக் கொடுத்தது யார்? அந்த வீட்டில் மகனோ மருமகளோ ஒருவர் இதையெல்லாம் அலசியிருப்பார். உங்கள் தங்கச்சியோடு அவர் அரை மணி நேரம் போனில் பேசினால் போதும்.

அடுத்து மார்க். இன்ஜினியரிங் கட்-ஆஃப் இருநூறுக்கு. கணக்கு அப்படியே 94, இயற்பியலில் பாதி 45, வேதியியலில் பாதி 44, ஆக 183. இந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு "எங்கள் வசதிக்கு" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், தம்பி. தமிழ்நாட்டில் 2007-லிருந்து இன்ஜினியரிங்குக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைகளை நினைத்துத்தான் அதை எடுத்தார்கள். உங்கள் தங்கச்சியைப் போன்றவர்களுக்காகத் திறந்த கதவு அது. மருத்துவத்தில் நீட் வந்த பிறகு தமிழ் மீடியம் பிள்ளைகளின் பங்கு எப்படிச் சுருங்கியது என்பதை நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் எழுதிக் கொடுத்திருக்கிறது. இன்ஜினியரிங்கில் அந்தத் தடை இல்லாதபோது நாமாகத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஊரில் யாராவது "7.5 சதவீத ஒதுக்கீட்டில் எல்லா ஃபீஸையும் கவர்மென்டே கட்டும்" என்பார்கள். உண்மைதான், ஆனால் அது ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. எய்டட் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. செட்டிநாட்டில் இது நிறையப் பேரை அடிக்கிறது. இங்கே பல ஊர்களில் நகரத்தார் கட்டிக் கொடுத்த எய்டட் பள்ளிதான் பக்கத்தில் இருக்கும், அரசுப் பள்ளிக்கு பஸ் ஏற வேண்டும். அதே கூலி வீடு, அதே தமிழ் மீடியம், ஆனால் பள்ளியின் நிர்வாகம் வேறு என்பதால் ஒதுக்கீடு இல்லை. இது சரியில்லை என்பதுதான் என் கருத்து, கேட்கிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தில் மட்டும் எய்டட் பள்ளித் தமிழ் மீடியம் மாணவிகளையும் 2024 கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். அது உங்கள் தங்கச்சிக்கு உண்டு. கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

இனி கவுன்சிலிங். எல்லாம் ஆன்லைன்தான் என்பதால் ஊரில் எல்லாரும் பிரவுசிங் சென்டருக்குப் போவார்கள். அங்கே நடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கடைக்காரத் தம்பி ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருபது கல்லூரிக் கோடு நம்பரை எழுதி வைத்திருப்பார். 190 கட்-ஆஃப் பிள்ளைக்கும் 120 கட்-ஆஃப் பிள்ளைக்கும் அதே இருபதைத் தட்டிவிடுவார். பின்னால் நின்றுகொண்டிருக்கும் அம்மா, "சார், பக்கத்துல இருக்கிறதாப் பார்த்துப் போடுங்க" என்பார். பிள்ளை வாயே திறக்காது. ஐந்து நிமிஷத்தில் சமர்ப்பித்துவிட்டு, அடுத்த ஆள். நாலு வருஷப் படிப்பு அந்த ஐந்து நிமிஷத்தில் முடிவாகிவிடும். அதே நாளில் டவுனில் இருக்கும் ஒரு பேங்க் மேனேஜர் வீட்டில், போன வருஷக் கட்-ஆஃப் பட்டியலை பிரிண்ட் எடுத்து, நூற்றைம்பது விருப்பங்களை வரிசைப்படுத்தி, ராத்திரி இரண்டு தடவை மாற்றி அடுக்கியிருப்பார்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே மார்க்காக இருக்கலாம். கிடைக்கும் கல்லூரி ஒன்றாக இருக்காது.

எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம், அதற்கு வரம்பு இல்லை, கூடுதல் காசும் இல்லை. வரிசைதான் முக்கியம். கிடைக்கும் என்று நினைப்பதை முதலில் போடாதீர்கள், வேண்டும் என்று நினைப்பதைப் போடுங்கள். மேலே போட்டது கிடைக்காவிட்டால் கீழே இருப்பதற்குத் தானாக இறங்கும். ஆசைப்பட்டுப் போட்டதால் ஒரு நஷ்டமும் கிடையாது. கல்லூரிவாரியாக, சமூகப் பிரிவுவாரியாக முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் இணையத்தில் இருக்கிறது. அதில் உங்கள் பிரிவுக்கு 178-லிருந்து 195 வரை வரும் எல்லாவற்றையும் தங்கச்சி ஒரு நோட்டில் எழுதட்டும். நீங்கள் சிங்கப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அடுக்குங்கள். பாஸ்வேர்டை பிரவுசிங் சென்டரில் விட்டுவிட்டு வரக் கூடாது. பதிவுக்கு உங்கள் சிங்கப்பூர் நம்பரைக் கொடுக்காதீர்கள், ஓ.டி.பி. வரும்போது சிக்கலாகிவிடும், அம்மாவின் நம்பரைக் கொடுங்கள். கணினி இல்லையே என்று தயங்க வேண்டாம். டி.எஃப்.சி. என்னும் அரசு உதவி மையங்களில் இலவசமாகச் செய்து கொடுப்பார்கள். ஆனால் நோட்டோடு போகட்டும். வெறுங்கையோடு போனால் அங்கேயும் அதே ஐந்து நிமிஷம்தான்.

எந்தக் கல்லூரி என்று கேட்டால், காரைக்குடியிலேயே அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-ல் ஒரு கலைக் கல்லூரியில் தொடங்கி, 1952-ல் இதையும் கொண்டுவந்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்த ஊருக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்த ஆய்வக வளாகத்திலேயே பி.டெக். வகுப்பு நடக்கிறது. தினம் அந்த கேட்டைத் தாண்டி பஸ்ஸில் போகிற வீடுகளில்கூட இது தெரியாது. தூரம் என்கிற தடையை அவர் எழுபது வருஷத்துக்கு முன்பே இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீக்கிவிட்டார். கேட்டுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாத குறைதான் பாக்கி.

183-க்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் அரசுக் கல்லூரிகளில் இழுபறியாக இருக்கலாம், மறைக்கவில்லை. எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல் நல்ல அரசுக் கல்லூரியில் கிடைத்தால், முகம் தெரியாத கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட அதுவே மேல் என்பது என் அபிப்பிராயம். அங்கிருந்தும் மென்பொருள் வேலைக்குப் போகிறார்கள். காரைக்குடி அரசுக் கல்லூரியையும் மதுரை, திருநெல்வேலி, கோவை, சேலம், சென்னைக் கல்லூரிகளையும் பட்டியலில் கலந்து போடுங்கள். "பொம்பளைப் பிள்ளை, தூரம் வேண்டாம்" என்று வீட்டில் சொல்வார்கள். நீங்கள் பிளஸ் டூ முடித்த வயதில் கடல் தாண்டிப் போனபோது யாராவது தூரம் என்று நிறுத்தினார்களா? அந்த ஒரு கேள்வியை நீங்கள்தான் வீட்டில் கேட்க வேண்டும். நீங்கள் கேட்டால் எடுபடும்.

சீட் ஒதுக்கி வந்ததும் கெடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்றும் சொல்லலாம், இதை ஏற்றுக்கொள்கிறேன், மேலே காலியானால் அதற்கு மாற்றுங்கள் என்றும் சொல்லலாம். எதையும் சொல்லாமல் கெடுவைத் தவறவிட்டு, கையில் வந்த சீட்டை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் அந்த மெசேஜ் புரியவில்லை, அவ்வளவுதான் காரணம்.

பணத்துக்கு வருகிறேன். அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் குறைவு, அதுவும் முதல் பட்டதாரி சலுகையில் கழிந்துவிடும். மிச்சம் தேர்வுக் கட்டணம், புத்தகம், ஹாஸ்டல் என்றால் மெஸ் பில். காரைக்குடியிலேயே கிடைத்தால் ஹாஸ்டலும் வேண்டாம், சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஏ.ஐ.சி.டி.இ. என்னும் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் தரும் பிரகதி உதவித்தொகைக்கு முதல் வருஷமே தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். இன்ஜினியரிங் படிக்கும் பெண்களுக்கு வருஷத்துக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பித்த எல்லாருக்கும் கிடைத்துவிடாது, ஆனால் விண்ணப்பிக்காதவருக்குக் கிடைக்கவே கிடைக்காது. இதற்கு மேலும் தேவைப்பட்டால் கல்விக் கடன். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கிடையாது, அம்மாவோ அப்பாவோ கூடக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்டத் தேவையில்லை. உங்கள் ஏஜென்ட் கடனோடு இதைச் சேர்த்து நினைத்துப் பயப்படாதீர்கள். இது அவள் வேலைக்குப் போய் அவளே கட்டப்போகிற கடன்.

480-க்கு அங்கே, 541-க்கு இங்கே, இது என்ன நியாயம் என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் அந்த இரண்டு எண்களையும் எழுதியிருக்கிறீர்கள். நியாயமில்லைதான். உங்கள் தங்கச்சி கவுன்சிலிங்குக்குப் போவதால் அது சரியாகிவிடாது. ஆனால் அந்தப் பேத்திமேல் கோபம் வேண்டாம், அவள் யாருடைய சீட்டையும் பிடுங்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சாப்பாட்டு மேஜையில் கல்லூரிப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இந்த மே மாதம்தான் தொடங்குகிறது.

கடைசியாக, சேர்ந்த பிறகு நடக்கப்போவது. தமிழ் மீடியத்திலிருந்து போகும் பிள்ளைக்கு முதல் செமஸ்டர் கஷ்டமாக இருக்கும். கணக்கு தெரியும், கேள்வியின் ஆங்கிலம் புரியாது. லேபில் பக்கத்துப் பெண் வேகமாக டைப் செய்வாள், இவள் எழுத்தைத் தேடிக்கொண்டிருப்பாள். கல்லூரி திறப்பதற்கு முன் கிடைக்கும் இரண்டு மாதத்தில் தினம் ஒரு மணி நேரம் டைப்பிங்கும், பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் ஆங்கிலப் பதிப்பும் போதும். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே இருக்கிறது. தெரிந்த கணக்கையே ஆங்கிலத்தில் படித்தால் சொற்கள் பழகிவிடும். முதல் செமஸ்டரில் ஒரு அரியர், இரண்டு அரியர் வரலாம். பட்டதாரி வீடுகளில் அதை ஒரு பேப்பர் போனதாக எடுத்துக்கொண்டு அடுத்த தடவை எழுதச் சொல்வார்கள். நம் வீடுகளில் "அப்பவே சொன்னோமே, பி.காம் போதும்னு" என்று தொடங்கி, மாப்பிள்ளை பார்ப்பதில் வந்து முடியும். அந்தப் பேச்சு எழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, தம்பி. இப்போதே அம்மாவிடமும் மாமாவிடமும் சொல்லி வையுங்கள், முதல் வருஷ ரிசல்ட்டை வைத்து யாரும் எதுவும் முடிவு செய்யக் கூடாது என்று.